வலி இல்லாத நாளிலும் தம்பி கதவைத் திறப்பதில்லை: அரிவாள் செல் நோய் உள்ள வீடுகளில் என்ன செய்கிறீர்கள்?

காட்பாடி அக்கா
மே 9, இரவு 11:20

எனக்கு 31 வயது, தம்பிக்கு 26. அப்பாவுக்கு ரயில்வே வேலை. கூடலூரிலிருந்து காட்பாடிக்கு மாற்றலாகி வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தம்பிக்கு இருப்பது அரிவாள் செல் நோய், பரம்பரையாக வரும் ரத்த நோய். அது கூடலூரிலேயே தெரிந்துவிட்டது. ஒன்றரை வயதில் இரண்டு கை விரல்களும் வீங்கி, தொட்டால் அலறுவான். அப்போது ஆரம்பித்தது.

வலியோடு குடும்பம் நடத்துவது எங்களுக்குப் பழகிவிட்டது. வெந்நீர்ப் பை எங்கே இருக்கிறது, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, அக்னி நட்சத்திரத்தில் எத்தனை சொம்பு தண்ணீர் என்பதெல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். நான் கேட்க வந்தது வேறு.

மார்ச் மாதம் ஓர் இரவு தொடை எலும்பில் வலி என்று அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பணியில் இருந்த இளம் மருத்துவர், "எந்த ஊசி வேண்டும் என்று நீயே பெயர் சொல்கிறாயே, பழக்கமாகிவிட்டதா?" என்று கேட்டார். தம்பி பதில் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஊசி போடுவதற்குள் மூன்று மணி நேரம் ஆகிவிட்டது.

அந்த மாதமே வேலையும் போனது. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தான். விடுப்பு அதிகம், கணக்கில் பிழையும் வருகிறது என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள்.

அதிலிருந்து அறைக் கதவு சாத்தியே கிடக்கிறது. வலி வந்தால் சொல்வதில்லை. துவைக்கப் போடும் தலையணை உறையின் மூலையில் பல் பதிந்து நூல் பிரிந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் நேற்று இரவு வலித்திருக்கிறது என்று தெரிந்துகொள்கிறேன்.

மனநல மருத்துவரிடம் போகலாம் என்று சொன்னேன். அவன் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "போனால் ஃபைலில் எழுதுவார்கள். அடுத்த முறை அதைப் படித்துவிட்டு, இவனுக்கு மனசுதான் கோளாறு, வலி எல்லாம் நடிப்பு என்பார்கள். இப்போது பாதி பேராவது நம்புகிறார்கள். அதையும் கெடுத்துக்கொள்ளச் சொல்கிறாயா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

ஆரணிப் பட்டு
மே 10, காலை 6:05

அம்மா, எழுபதைத் தாண்டியவன் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மனத்திடம்தான் முதல் மருந்து. பையன் கண் மஞ்சளாக இருக்கிறதா? கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுங்கள். காலையில் பிள்ளையைக் கோட்டை வெளியில் நடக்க விடுங்கள். நல்ல பெண்ணாகப் பார்த்து ஒரு கால்கட்டு போட்டுவிடுங்கள். தனியாக விட்டால் எந்தப் பிள்ளைக்கும் மனசு கெடும்.

வெயில் மனிதன்
மே 10, காலை 9:48

ஐயா, கண் மஞ்சளுக்குக் கீழாநெல்லி என்று எனக்கும் பத்து வயது வரைக்கும் அரைத்துக் கொடுத்தார்கள். ஒரு காமாலை வைத்தியர் தாம்பாளத்தில் தண்ணீர் வைத்து மந்திரித்து, தண்ணீர் மஞ்சளானதைக் காட்டி அம்மாவிடம் பணமும் வாங்கினார். அந்த மஞ்சள் கல்லீரலில் வருவது இல்லை. அரிவாள் போல வளைந்த சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைகின்றன. மற்றவர்களுக்கு 120 நாள் இருக்கும் அணு, எங்களுக்கு இரண்டு மூன்று வாரம்தான். உடைந்ததன் நிறம்தான் கண்ணில் தெரிகிறது. எத்தனை கீழாநெல்லி அரைத்தாலும் அது போகாது. பள்ளிக்கூடத்தில் என்னை "மஞ்சக்கண்ணு" என்றுதான் கூப்பிட்டார்கள். இன்றும் ஒருவர் என் கண்ணை நேராகப் பார்த்துப் பேசினால் கை தானாகக் கண்ணாடியைச் சரிசெய்யும்.

அக்கா, எனக்கு 38 வயது. பூர்வீகம் பந்தலூர், இப்போது வாலாஜாப்பேட்டை. உங்கள் தம்பி சொன்ன அதே வாக்கியத்தை ஆறு ஆண்டுகளுக்கு முன் நானும் சொன்னேன். அதனால் அவர் பயத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். சர்க்கரை நோயாளி தன் இன்சுலின் அளவைச் சொன்னால் "விவரமானவர்" என்கிறார்கள். நான் எனக்குக் கேட்கிற ஊசியின் பெயரைச் சொன்னால் போதைக்காரன். முப்பது வருடம் ஒரே நோயோடு இருப்பவனுக்கு மருந்தின் பெயர் தெரியாமல் இருந்தால்தானே அதிசயம்?

எனக்கு வலியைவிட மோசமானது வலி வரப்போகிறது என்ற எதிர்பார்ப்புதான். வலி வந்துவிட்டால் வேலை இருக்கிறது: மாத்திரை, தண்ணீர், வெந்நீர், ஆட்டோ. வலி இல்லாத நாளில் உட்கார்ந்து காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். இது சாதாரண முட்டிவலியா, அதுவா? மச்சினன் கல்யாணத்துக்குப் போகவில்லை. மழை வந்தால் குளிரும், குளிர்ந்தால் வரும் என்று. அன்றைக்கு மழையும் பெய்யவில்லை, வலியும் வரவில்லை.

கடைசியில் மனநல மருத்துவரிடம் போனேன். மாத்திரை கொடுத்தார்கள். கூடவே ஓர் ஆலோசகர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னார். வலிக்கு மார்க் போடுவது அந்த நோட்டில் ஒரு பங்குதான். அன்றைக்கு என்ன செய்தேன், எதைச் செய்யாமல் விட்டேன், ஏன் விட்டேன் என்பதையும் எழுத வேண்டும். இரண்டு மாதம் கழித்துப் படித்தால், நான் ரத்து செய்தவற்றில் பெரும்பாலானவை வலி இல்லாத நாள்களில் ரத்து செய்தவை. அதைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. வலி குறைந்ததா என்றால், இல்லை. கல்யாணங்களுக்குப் போகிறேன்.

இரவுப்பணி
மே 10, மாலை 4:30

நான் செவிலியர். பதினான்கு ஆண்டுகளாக அவசரப் பிரிவு. எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன், திட்ட நினைப்பவர்கள் திட்டிக்கொள்ளலாம்.

இரவு இரண்டு மணிக்கு விபத்து ஒன்று, பாம்புக்கடி ஒன்று, மூச்சுத்திணறல் இரண்டு. நடுவில் ஒரு பையன் "வலி பத்துக்குப் பத்து" என்கிறான். ரத்த அழுத்தம் சரி, காய்ச்சல் இல்லை, கையில் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கிறான். புதிதாக வந்தவர்களுக்குச் சந்தேகம் வரும். எனக்கும் வந்திருக்கிறது. பிறகுதான் தெரிந்துகொண்டேன்: இந்த வலியை அளக்க ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. நாடித்துடிப்பு ஏறித்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. பிறந்ததிலிருந்து வலிப்பவன் அலறுவதை என்றைக்கோ நிறுத்தியிருப்பான். செல்போனில் பாட்டுக் கேட்பதுதான் அவன் பல்லைக் கடித்துக்கொள்ளும் விதம். நோயாளி சொல்வதுதான் அளவுகோல், வேறு கிடையாது. அமெரிக்க ரத்தவியல் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் வலி மருந்து கொடுக்கச் சொல்கிறது. மூன்று மணி நேரம் என்பது தவறு. அந்தக் கேள்வியும் தவறு.

இனி தம்பியின் பயத்துக்கு வருகிறேன். ஃபைலில் மனநலக் குறிப்பு இருந்தால் சிலர் அதை அப்படித்தான் படிப்பார்கள். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அதற்கு வழி, மறைப்பது அல்ல. வழக்கமாகப் பார்க்கும் ரத்தவியல் மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள். நோயின் பெயர், வழக்கமான ஹீமோகுளோபின் எவ்வளவு (எட்டுதான் இவருக்கு இயல்பு என்பது தெரியாமல் பதறி ரத்தம் ஏற்றியவர்களும் உண்டு), எந்த மருந்து எந்த அளவில் கேட்கிறது, எது ஒவ்வாது, காய்ச்சலோடு நெஞ்சுவலியும் இருமலும் இருந்தால் என்ன செய்ய வேண்டும். கடைசியில் ஒரு வரி: "இவர் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுகிறார், அதைக் காரணம் காட்டி இவர் சொல்லும் வலியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்." கையெழுத்து, முத்திரை, தேதி. இப்படி ஒரு தாளை நீட்டினால் டியூட்டி டாக்டருக்கு யோசிக்க வேண்டிய வேலை பாதி குறையும். நான் பார்த்தவரை, சந்தேகப்படுகிறவர்களில் பலர் கெட்டவர்கள் அல்ல. என்ன அளவு கொடுப்பது என்று தெரியாமல் பயப்படுகிறவர்கள்.

இன்னொன்று. மனநல மருத்துவரிடம் போகும்போது வலி மாத்திரைகளின் பட்டியலைக் கட்டாயம் கொண்டு போங்கள். டிரமடால் சாப்பிடுகிறவர் என்றால் மனச்சோர்வு மாத்திரைகளில் சில அதோடு சேரக்கூடாது. சேர்ந்தால் நடுக்கம், பதற்றம், வலிப்பு வரை போகலாம். இரண்டு மருத்துவர்களும் மற்றவர் என்ன கொடுத்தார் என்று தெரிந்து எழுத வேண்டும்.

காட்பாடி அக்கா
மே 10, இரவு 10:15

வெயில் மனிதன் எழுதியதைக் கதவுக்கு வெளியே நின்று உரக்கப் படித்தேன். உள்ளேயிருந்து சத்தமில்லை. "மஞ்சக்கண்ணு" வந்ததும் மின்விசிறியை நிறுத்தினான். கேட்பதற்காகத்தான் நிறுத்தியிருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சொல்லலாமா என்று யோசித்து, சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. போன வாரம் அம்மாவிடம், "நான் இல்லையென்றால் ஆஸ்பத்திரிச் செலவு மிச்சமாகி அக்கா கல்யாணம் முடிந்திருக்கும்" என்றான். அம்மா அதைக் கோபத்தில் சொன்ன பேச்சு என்கிறாள்.

இரவுப்பணி
மே 10, இரவு 10:32

அக்கா, கோபப் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். இன்று இரவே கேளுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். "செத்துப்போகலாம் என்று நினைக்கிறாயா? எப்படி என்றும் யோசித்திருக்கிறாயா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் புதிதாக எண்ணம் தோன்றிவிடும் என்பது தவறான பயம். கேட்டதால் ஆறுதல் அடைந்தவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் வலி மாத்திரைகளை உங்கள் பீரோவில் பூட்டி, வேளைக்கு எடுத்துக் கொடுங்கள். உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள்.

14416, டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. அவன் பேசாவிட்டால் நீங்கள் பேசுங்கள். யோசித்து வைத்திருக்கிறேன் என்று சொன்னால் காலை வரை காத்திருக்காமல் அழைத்துக்கொண்டு போங்கள்.

காட்பாடி அக்கா
மே 11, அதிகாலை 1:50

கேட்டேன். கதவைத் திறந்தான். "நினைத்தேன், எப்படி என்று யோசிக்கவில்லை" என்றான். அழுதோம். மாத்திரை டப்பாவை அவனே எடுத்துக் கொடுத்தான். எண்ணிப் பார்த்தால், வலி அடிக்கடி வராமலிருக்கச் சாப்பிடும் ஹைட்ராக்ஸியூரியா கேப்ஸ்யூல் இரண்டு மாதத்து அட்டைகள் பிரிக்காமல் இருக்கின்றன. ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறான். இப்போது தூங்குகிறான். நான் வாசலில் பாய் போட்டிருக்கிறேன்.

வெயில் மனிதன்
மே 11, காலை 7:20

அக்கா, அதை நீங்கள் கேட்டால் சொல்ல மாட்டார். அக்காவிடம் சொல்ல முடியாத காரணங்களுக்காக ஆண்கள் அந்த மாத்திரையை நிறுத்துவது உண்டு. விந்தணு குறையலாம் என்று எங்கேயாவது படித்திருப்பார். கல்யாணப் பேச்சு வீட்டில் நடக்கும் நேரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டிய விஷயம் அது, தானாக நிறுத்தக்கூடியது அல்ல. நிறுத்தினால் வலி திரும்ப அடிக்கடி வரும், மார்ச் மாதம் வந்ததும் அதனால் இருக்கலாம்.

வெட்கத்தை விட்டு இன்னொன்றும் எழுதுகிறேன், வேறு பையன்களும் படிப்பார்கள். இந்த நோயில் சிலருக்கு ஆசை எதுவும் இல்லாமலே ஆண்குறி விறைத்து, மணிக்கணக்கில் வலியோடு நிற்கும். நான் பதினேழு வயதில் ஓர் இரவு முழுவதும் குளியலறையில் நின்றேன், அப்பாவைக் கூப்பிட நாக்கு வரவில்லை. நான்கு மணி நேரம் தாண்டினால் அது அவசர சிகிச்சை, நிரந்தரப் பாதிப்பு வரும். இதையெல்லாம் யாரிடமும் சொல்லாமல் சுமப்பவனிடம் போய் மனத்திடம் வேண்டும் என்றால் என்ன செய்வான்? தம்பிக்கு என் தனிச்செய்தியைக் காட்டுங்கள். நீங்கள் படிக்க வேண்டாம்.

கிரீன் சர்க்கிள் ஆட்டோ
மே 11, மதியம் 2:10

நான் ஓட்டுநர், படிப்பு பத்தாம் வகுப்பு. காட்பாடி ஸ்டேஷனிலிருந்து லாட்ஜுகளுக்குச் சவாரி. வங்காளம், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள்தான் அதிகம், அவர்கள் பாஷை கொஞ்சம் வரும். இந்த நோய் எனக்குத் தெரிந்தது ஒடிசாவின் சம்பல்பூர் பக்கத்துக் குடும்பம் ஒன்றால். பதினைந்து வயதுப் பையன், பாபு ராவ் தெருவில் அறை. பள்ளத்தில் வண்டி இறங்கினால் பையன் கத்த மாட்டான், அவன் அம்மாதான் என் தோளைத் தொடுவார். அதிலிருந்து வேகத்தடை வந்தால் அந்த அம்மா தொடும் முன்பே நிறுத்தி ஏற்றுவேன்.

ஒரு நாள் அந்தப் பையன் கேட்டான், "அண்ணா, உன் வண்டியில் வருகிறவர்கள் எல்லாரும் குணமாகித் திரும்புகிறார்களா?" என்று. நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவன் நம்பவில்லை, சிரித்தான். இப்போது வரைக்கும் அது உறுத்துகிறது. வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இங்கே யாராவது சொன்னால் தெரிந்துகொள்வேன்.

அக்கா, ராத்திரி வண்டி வேண்டுமென்றால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார்
மே 11, மாலை 5:55

யாரும் தொடாத ஒரு புள்ளி: "கணக்கில் பிழை வருகிறது." என் மாணவி ஒருத்திக்கு இதே நோய். எட்டாம் வகுப்பு வரை முதல் மூன்று பேரில் ஒருத்தி. பிறகு கரும்பலகையிலிருந்து நோட்டுக்கு எழுதுவதற்குள் எண் மறந்துவிடும். சோம்பேறி என்று நானே முட்டி போட வைத்திருக்கிறேன். பின்னால் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூளையில் சிறு சிறு அடைப்புகள். கை கால் விழாத, வெளியே தெரியாத பக்கவாதம். இந்த நோயின் கடுமையான வகை உள்ள குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்குப் பதினான்கு வயதுக்குள் அப்படி ஏற்படுகிறது என்று அதற்குப் பிறகுதான் படித்தேன். கவனமும் நினைவும் அதில் அடிபடும். எல்லாவற்றையும் மனச்சோர்வின் கணக்கில் எழுதிவிடாமல், தலையையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அவன் சோம்பேறியும் இல்லை, கோழையும் இல்லை என்பதற்கு அவனுக்கே ஓர் ஆதாரம் கிடைக்கலாம்.

அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றாள். வேறு என்ன சொல்வாள்.

புள்ளிவிவரம்
மே 11, இரவு 8:40

வலியும் மனமும் எது முதல் என்ற கேள்விக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 232 நோயாளிகளை நாள்தோறும் நாட்குறிப்பு எழுத வைத்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எழுதிய நாள்களில் பாதிக்கு மேல் வலி இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனது அதில் மிகச் சில நாள்கள்தான். நூற்றுக்கு 28 பேருக்கு மனச்சோர்வு. அவர்களுக்கு வலி நாள்களும் அதிகம். ஆக, மருத்துவர்கள் பார்ப்பது பனைமரத்தின் நுங்கு மட்டும், மரம் முழுவதும் வீட்டில் நிற்கிறது. மனத்துக்குச் சிகிச்சை எடுத்தால் வலி பொய் என்று ஆகிவிடாது. இரண்டும் ஒன்றையொன்று ஏற்றிவிடுகின்றன. பதற்றத்தில் ரத்தக்குழாய் சுருங்கும், சுருங்கினால் வளைந்த அணுக்கள் சிக்கும். இதுவும் உடம்புதான்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் அரிவாள் செல் நோயும் உண்டு. அரசு வேலையில் நான்கு சதவீத இடஒதுக்கீடும் கிடைக்கும்.

இரவுப்பணி
மே 11, இரவு 9:05

கடைசி வரி தவறு. 21 வகைகளில் பெயர் உண்டு, ஆனால் வேலை ஒதுக்கீட்டுப் பட்டியலில் ரத்த நோய்களைச் சேர்க்கவில்லை. சான்றிதழ் வேறு சலுகைகளுக்கு உதவும், வாங்குங்கள். வேலை கிடைக்கும் என்று அந்தப் பையனுக்கு ஆசை காட்டி விடாதீர்கள், இன்னோர் ஏமாற்றம் வேண்டாம்.

புள்ளிவிவரம்
மே 11, இரவு 9:12

சரி பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி. அவசரப்பட்டுவிட்டேன்.

ஓய்வுபெற்ற லேப்
மே 12, காலை 10:30

கூடலூர் என்றதும் எழுத வந்தேன். இந்தியாவில் இந்த நோயின் தடம் முதலில் தெரிந்ததே நீலகிரி மலைவாழ் மக்களின் ரத்தத்தில்தான், 1952இல். நான் அந்தப் பக்கம் நிறைய ஊர்களில் ரத்தம் எடுத்திருக்கிறேன். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய இயக்கத்தில் தமிழ்நாடு உள்பட 17 மாநிலங்கள், ஏழு கோடிப் பேருக்குப் பரிசோதனை என்பது இலக்கு. நல்லது. ஆனால் ரத்தம் எடுப்பவன் கையில் ஊசி இருக்கிறது, பேச நேரம் இல்லை. கடத்தி மட்டுமே ஆன ஒரு பெண்ணுக்கு, அதாவது நோயின் மரபணுவைச் சுமந்தாலும் நோய் இல்லாதவளுக்கு, அட்டையைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம். "ரத்தம் கெட்ட பெண்" என்று பேச்சுக் கிளம்பி, நிச்சயம் நின்றது. கடத்தியாக இருப்பவருக்குப் பொதுவாக நோய்த் தொல்லை கிடையாது. இரண்டு கடத்திகள் கல்யாணம் செய்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. கால்கட்டு போடச் சொன்ன பெரியவர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

காட்பாடி அக்கா, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? நீங்கள் பரிசோதித்துக்கொண்டீர்களா? நோய் இல்லாத உடன்பிறப்பு கடத்தியாக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு.

காட்பாடி அக்கா
மே 12, இரவு 9:50

இல்லை. இரண்டு முறை லேப் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். அவனுக்கு வந்து எனக்கு வராமல் போனதே ஒரு திருட்டு மாதிரி இருக்கிறது. எதுவுமே இல்லை என்று தாள் வந்தால் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது? பெண் பார்க்க வந்த வீட்டில் தம்பிக்கு "அல்சர்" என்று சொன்னோம். அவன் அடுத்த அறையில் இருந்தான். கேட்டிருப்பான்.

ஆரணிப் பட்டு
மே 13, காலை 6:00

கால்கட்டு என்று எழுதியது தவறு. லேப்காரர் சொன்ன கணக்கு எனக்குத் தெரியாது. கீழாநெல்லியையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தனியாக விடாதீர்கள் என்றதை வாங்க மாட்டேன். நீங்கள் வாசலில் பாய் போட்டுப் படுத்தீர்களே, அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், சொல்லத் தெரியவில்லை.

வெயில் மனிதன்
மே 13, காலை 11:15

ஐயா, வணக்கம். அந்தத் தாம்பாள வைத்தியரைவிட நீங்கள் ஆயிரம் மடங்கு மேல்.

ஆட்டோ அண்ணா, "உன்னை இறக்கிவிட்டுப் போகிறேன், திரும்பும்போதும் நானே வருகிறேன்" என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அது போதும்.

காட்பாடி அக்கா
மே 20, இரவு 8:30

எட்டு நாளாக எழுதவில்லை, மன்னிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை போனோம். எந்த இடம் என்பதற்கு முதலில் சண்டை. மனநல ஆஸ்பத்திரி இருக்கும் இடம் என்பதால் எங்கள் ஊரில் "பாகாயம்" என்ற சொல்லையே கேலிக்கு வைத்திருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் நானே சொல்லியிருக்கிறேன். கடைசியில் ரத்தவியல் மருத்துவர் கைப்பட எழுதிக் கொடுத்த சீட்டோடு போனோம்.

டோக்கன் 64. தம்பி ஒன்றரை லிட்டர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தே இருந்தான். உள்ளே போனதும் அந்த அம்மா மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "இப்போது எங்கே வலிக்கிறது? உட்கார முடிகிறதா, படுத்துக்கொள்கிறீர்களா?" என்பது. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "அக்கா, நீ வெளியே இரு" என்றான். நாற்பது நிமிடம். என்ன பேசினார்கள் என்று தெரியாது. கேட்கவில்லை.

மாத்திரை எழுதினார்கள், டிரமடாலைப் பார்த்துவிட்டு வலி மருந்தை மாற்றுவது பற்றி ரத்தவியல் மருத்துவரோடு போனில் பேசிவிட்டு எழுதினார்கள். இரவுப்பணி சகோதரிக்கு நன்றி, பட்டியலைக் கொண்டு போயிருந்தேன். ஃபைல் பயத்தை அவனே சொல்லியிருக்கிறான். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி மனநல விவரங்களை ரகசியமாக வைப்பது நோயாளியின் உரிமை, எதை யாரிடம் காட்டுவது என்பதை நாம் பேசி முடிவு செய்யலாம் என்று சொன்னார்களாம். கடிதத்தில் அந்தக் கடைசி வரி வேண்டுமா வேண்டாமா என்பதை அவனிடமே விட்டார்கள். இரண்டு நாள் யோசித்து, வேண்டும் என்றான்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மாத்திரையால் வாந்தி வருகிறது, பாதி நாள் கதவு இன்னமும் மூடித்தான் இருக்கிறது. தாழ்ப்பாள் இல்லாததால் மூடினாலும் நான்கு விரல் இடைவெளி இருக்கும். அடுத்த தேதிக்கு நான் வர வேண்டாமாம், பஸ்ஸில் தனியாகப் போகிறானாம். நான் அடுத்த பஸ்ஸில் போகப்போகிறேன், அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

எனக்கும் ரத்தம் எடுத்தாயிற்று. அவன்தான் லேப் வாசலைத் தாண்டி உள்ளே தள்ளினான். தாள் வெள்ளிக்கிழமை.

இரவுப்பணி
மே 20, இரவு 9:10

நல்ல சேதி. வாந்தியைப் பற்றி மருத்துவரிடம் போனில் சொல்லுங்கள், தானாக நிறுத்த வேண்டாம். வாந்தியால் உடம்பில் நீர் குறைந்தால் இந்த நோய்க்கு அதுவே ஆபத்து.

கடிதத்தை லேமினேட் செய்யாதீர்கள். மருந்தளவு மாறும்போது மருத்துவர் அடித்து எழுதிக் கையெழுத்துப் போட இடம் வேண்டும்.

காட்பாடி அக்கா
மே 20, இரவு 9:14

லேமினேட் செய்துவிட்டான். முன்னும் பின்னும்.